சித்திர நூல்களில் சுறாமீன்

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலிற் கற்பிக்கப்பட்ட நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதாகும். நெறி நன்று. ஆயின், குழந்தை தெரிந்தது என்று கொண்டிருப்பதே பிழையாயின் யாது செய்வது? இவ்வினாவை எங்கள் பள்ளிச் சிறுமி ஒருத்தி எழுப்பினாள்.

எங்கள் தோட்டத்தைச் சுற்றிலும் செம்பனையே. கடலைக் கண்டிராத பிள்ளைகள் பலர். இரண்டாம் ஆண்டு மாணவர்களைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மற்றவர்கள் கணுக்கால் நீரில் குதித்தாட, அச்சிறுமி மட்டும் மணலைவிட்டு இறங்கவில்லை. "உள்ளே சுறா இருக்கும் ஐயா, கடிச்சிடும்" என்றாள். யார் சொன்னார் என்று கேட்டேன். நம் பள்ளி நூலகத்துப் படப்புத்தகத்தில் பார்த்ததாகச் சொன்னாள். அப்புத்தகத்தை வாங்கி வைத்தவன் நானே.

அன்று மாலையே நூலகத்திலிருந்த கடல் பற்றிய சித்திர நூல்களையெல்லாம் எடுத்துப் புரட்டினேன். மூன்று குறைகள் புலப்பட்டன.

முதலாவது, முகம். மீனுக்குப் புருவம் இல்லை. ஓவியரோ சுறாவுக்குச் சரிந்த புருவம் தீட்டிச் சினத்தை ஊட்டுகிறார். ஓங்கில் எனப்படும் டால்பினுக்குப் புன்னகை வாய்க்கிறது. அதன் வாயமைப்பே அத்தகையது; மகிழ்ச்சிக்கு அடையாளமன்று. டால்பினும் மீனைத் தின்றே வாழ்கிறது. ஒரே தொழிலைச் செய்யும் இருவருள் ஒருவனைக் கள்வன் என்றும் மற்றவனைத் தோழன் என்றும் முகத்தை வைத்துத் தீர்ப்பிடக் குழந்தையைப் பழக்குகிறோம்.

இரண்டாவது, எல்லாச் சுறாவையும் ஒன்றாக்குதல். உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள. மீன்களுள் மிகப் பெரியதான திமிங்கிலச் சுறா 12 மீட்டருக்கும் மேல் வளர்வது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடித்து உண்பது. சுமார் 20 சென்டிமீட்டர் அளவே வளரும் குட்டிச் சுறாவும் உண்டு. மனிதர் சீண்டாமலே சுறா கடித்ததாகப் பதிவாகும் நிகழ்ச்சிகள் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 70 வரையே. அவற்றுள் உயிரிழப்பில் முடிவன மிகச் சில. மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குப் பத்துக் கோடி அளவில் இருக்கலாம் என 2013ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. யாரைக் கண்டு யார் அஞ்ச வேண்டும் என்பதை வாசகரே முடிவு செய்க.

இவ்வச்சம் வளர்ந்ததில் பீட்டர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய 'ஜாஸ்' நாவலுக்கும், 1975இல் வந்த அதன் திரைப்படத்துக்கும் பெரும்பங்கு உண்டு. அவரே பிற்காலத்தில் வருந்திச் சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பாடுபட்டார். எழுதியவர் திருந்தினார், அப்படத்தைப் பார்த்து வரைவோர் இன்னும் திருந்தவில்லை.

மூன்றாவது குறை இதற்கு நேர்மாறானது. சுறா மனந்திருந்தி, மீன் தின்பதை விட்டு, எல்லாருக்கும் நண்பனாகிவிடுகிறது. கேட்க இனிமையே. ஆயினும், பசித்து உண்பதைக் குற்றமாக்கும் கதை இது. இரையுண்ணாத சுறா சான்றோனாவதில்லை, செத்துப்போகும்.

நல்ல நூல்களும் இல்லாமலில்லை. லியோ லியோனியின் 'ஸ்விம்மி' (1963) என்னும் நூலில் சூரை மீன் ஒன்று சிறு மீன் கூட்டத்தை விழுங்குகிறது. ஆனால் அது பசித்த மீன், தீயவன் அன்று. எஞ்சிய சிறுமீனின் அச்சமும் துணிவும் அதனால் குறைந்துவிடவில்லை. எரிக் கார்லின் கடற்குதிரை பற்றிய நூல் (2004) முட்டைகளைக் காக்கும் தந்தை மீன்களைக் காட்டுகிறது. இயற்கை உண்மையே அங்குக் கதையாகிறது. ஜெஸ் கீட்டிங் எழுதிய 'ஷார்க் லேடி' (2017) யூஜினி கிளார்க் (1922–2015) என்னும் அறிவியலறிஞரின் வரலாறு. சுறாக்கள் பயிற்சியால் கற்கவல்லவை என்று மெய்ப்பித்தவர் அவர். பெண்குழந்தைகளுக்கு இதனைச் சிறப்பாகப் பரிந்துரைப்பேன்.

நம் வட்டாரத்துக் கதையையும் நோக்குவோம். சிங்கப்பூரைத் தோடாக் மீன்கள் தாக்கியதாகச் 'செஜாரா மெலாயு' கூறும் கதை சிறுவர் நூலாகப் பலமுறை வந்துள்ளது. வாழைத்தண்டால் அரண் அமைக்கச் சொல்லி ஊரைக் காத்த சிறுவனை அரசன் பின்னர்க் கொல்விக்கிறான். மீன் வந்ததோ, அரசன் குற்றமற்ற ஒருவரைக் கொன்ற பின்னரே. ஆகவே மூலக்கதையிற் கொடுமை மன்னனுடையது. பாய்ந்து வரும் மீனைப் பக்கம் பக்கமாக வரைந்து, சிறுவனின் முடிவை மறைத்துவிடும் பதிப்புகள் பழியை மீன்மேற் சுமத்துகின்றன.

தமிழருக்கோ சுறா புதியதன்று. சினைச்சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு ஆக்கித் தருவது இன்றும் நம் வீடுகளில் உள்ள வழக்கம். கடலோடு வாழ்ந்தவர் சுறாவுக்கு அஞ்சினர், வணங்கினர், அதனை உண்ணவும் செய்தனர், வெறுக்கவில்லை. அந்நோக்கைத் தமிழ்ச் சித்திர நூல் ஏன் காட்டலாகாது?

அந்தப் பழைய புத்தகத்தை நான் அகற்றவில்லை. பக்கத்தில் ஒரு புகைப்பட நூலை வைத்து, இரண்டையும் ஒப்பிடுமாறு பிள்ளைகளிடம் சொன்னேன். புருவத்தை முதலிற் கண்டுபிடித்தவள் அச்சிறுமியே. பின்னர் அவள் வரைந்த சுறாவுக்குப் பல் இருந்தது, புருவம் இல்லை. அது சரியான படம்.

எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. அச்சமூட்டும் கதையை எழுதுங்கள். குழந்தைகள் அதை விரும்புவர். ஆனால் உயிரினத்தை உள்ளபடி வரையுங்கள். கடலை ஒருநாளும் காணாத தோட்டத்துப் பிள்ளைக்கு உங்கள் நூலே கடல்.