துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்த அப்பா

அயர்லாந்தின் விடுதலைப் போர் 1921இல் ஓய்ந்தது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் வெடித்தது. சண்டையை நேராகக் காட்டாமல், அது ஒரு விவசாயக் குடும்பத்துக்குள் என்ன செய்தது என்று சொல்வது அந்நாட்டு நாவலாசிரியர்கள் பலர் கைக்கொண்ட வழி. அதில் உச்சம் என நான் கருதுவது ஜான் மெக்காஹெர்னின் 'அமங்ஸ்ட் விமன்' (1990).

நாவலின் நாயகன் மோரன் ஒருகாலத்தில் கெரில்லாப் படையை நடத்தியவர். இப்போது தன் பண்ணை வீட்டில் மனைவி மக்களை ஆள்கிறார். இரவானால் எல்லோரும் மண்டியிட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும். போரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஆனால் வீடே அவர் முகம் பார்த்துத்தான் நடக்கிறது. மகள் ஷீலாவுக்குப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைக்கிறது. மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். மோரன் மனம் இசையவில்லை. தான் போராடிப் பெற்ற நாட்டில் டாக்டர்களும் பாதிரியார்களுமே பெரிய மனிதர்கள் ஆனார்கள் என்ற கசப்பு அவருக்கு. அரசியல் ஏமாற்றம் ஒரு பெண்ணின் படிப்பைப் பறிக்கும் இந்த இடத்தில் என் மனம் ஆறவே இல்லை. மூத்த மகன் லூக், தந்தை எதிர்த்துப் போரிட்ட இங்கிலாந்திலேயே பிழைக்கிறான். அவர் சாவுக்கும் வரவில்லை. ஆனாலும் மகள்கள் அந்த அப்பாவைப் பெருமையோடு பற்றிக்கொள்கிறார்கள். அன்பும் அச்சமும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதை மெக்காஹெர்ன் மறைக்கவில்லை.

போரை வீட்டுக்குள் வைத்துச் சொல்லும் இந்த வழி விட்டுவிடுவதும் நிறைய. விடுதலைப் போரை முடித்துப் பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கை ஏன் தோழர்களைப் பிளந்தது, புதிய அரசில் யார் எதைப் பெற்றார்கள் என்பதெல்லாம் மோரனின் முன்கோபத்துக்குள் சுருங்கிவிடுகின்றன. 1914இல் தோன்றிய 'குமன் நா மன்' அமைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் போராட்டத்துக்கு உழைத்தார்கள். இந்த நாவலின் பெண்களுக்கோ போர் என்பது ஆண்களின் பழங்கதை மட்டுமே.

வில்லியம் டிரெவரின் 'த ஸ்டோரி ஆஃப் லூசி கால்ட்' (2002) நாவலில் இந்தக் குறை இன்னும் பெரிது. 1921இல் ஒரு நிலவுடைமைக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீவைக்க வந்த இளைஞர்களில் ஒருவன் சுடப்பட்டுக் காயமடைகிறான். அதன்பின் அந்தக் குடும்பத்தைச் சிதைப்பது பெரும்பாலும் தற்செயல்தான். தீவைக்கும் அளவுக்கு அந்த இளைஞர்களைத் தூண்டிய நிலப்பகை நிழலாகவே நின்றுவிடுகிறது.

மெக்காஹெர்னை அவசியம் படியுங்கள். கூடவே உள்நாட்டுப் போரின் வரலாற்று நூல் ஒன்றையும் படியுங்கள்.