தையல் தெரியாத சுழற்சி

2015இல் இன்ஸ்டாகிராம் தனிச் செயலியாக வெளியிட்ட பூமராங்கில் பொத்தானைத் தட்டினால் போதும். மளமளவென்று எடுத்த படங்களைக் கோத்து முன்னும் பின்னுமாக ஓயாமல் ஓட்டும். இதில் கைத்திறன் எங்கே என்று கேட்பார்கள். எதைப் படம்பிடிப்பது என்ற தேர்வில்தான் இருக்கிறது. ஊஞ்சலைப் பின்னோக்கி ஓட்டினாலும் கண் ஏற்கும். டீ ஆற்றுவதை ஓட்டினால், டீ கீழிருந்து மேலே ஏறி வித்தை வெளிப்பட்டுவிடும்.

ஒரே திசையில் சுழலும் ஜிஃப் இன்னும் கறாரானது. ராட்டினத்தை எடுத்தால், கடைசிப் படம் முதல் படத்தின் நகலாக இருக்கக் கூடாது. அதற்கு ஓரடி முந்தைய நிலையாக இருக்க வேண்டும். நகலானால் சுற்றுக்கு ஒருமுறை ராட்டினம் திக்கும். ஒரு படம் குறைந்தால் துள்ளும். ஜிஃப்பின் ஒவ்வொரு படமும் 256 நிறங்களுக்குள் அடங்குவதால் வானம் பட்டை பட்டையாகத் தெரியலாம். அசைவு இழைந்துவிட்டால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.