மிதிவண்டிச் செலவும் கரையின் உயரமும்: போ ஆற்றுப் பயண உரைநடை பற்றிய ஓர் ஆய்வு

செலவு மெல்லியதாயின் காட்சி தெளிவாகும் என்பது பயண இலக்கியம் பற்றி எழுதுவோர் பலரும் ஐயமின்றிக் கொண்டுள்ள கருத்தாகும். புகைவண்டியிற் செல்வோன் நிலையப் பெயர்களைக் காண்கின்றான். உந்துவண்டியிற் செல்வோன் சாலையைக் காண்கின்றான். மிதிவண்டியிற் செல்வோனோ நாட்டையே காண்கின்றான் என்பர். இத்தாலிய நாட்டின் ஆற்றுச் சமவெளிகளிலும் பழமை வாய்ந்த சிற்றூர்களிலும் ஓய்வாக மிதிவண்டி ஊர்ந்து செல்லுதல் பற்றி இன்று எழுதப்பெறும் உரைகள் பெரும்பாலும் இக்கருத்தினையே அடிப்படையாகக் கொண்டவை. இது முற்றும் ஏற்கத்தக்கதா என்பதனை, போ ஆற்றையும் அதனை அடுத்த நிலங்களையும் பொருளாகக் கொண்ட சில நூல்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வாம். (போ என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு ஏவல் வினையாக ஒலிப்பது தற்செயலே, பயண நூலாராய்ச்சிக்கு அது பொருந்தி நிற்பதும் தற்செயலே.)

முதற்கண் நிலத்தின் இயல்பினை அறிதல் வேண்டும். போ ஆறு மேற்கே மொன்விசோ மலையில் தோன்றி, 652 கி.மீ. கிழக்கு நோக்கி ஓடி, ஏட்ரியாட்டிக் கடலிற் கலக்கின்றது. அதன் கிளையாறுகளுள் ஒன்றாகிய மிஞ்சோ, கார்தா ஏரியினின்றும் வெளிப்பட்டுத் தெற்கே மாந்தோவா நகரைச் சூழ்ந்து செல்வது. வர்ஜில் பிறந்த நாடும் இதுவே. ஏரிக்கரை ஊராகிய பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா வரை மிதிவண்டிக்கென வழி உண்டு. இடையே போர்கெத்தோ என்னும் சிற்றூரும், 1393-இல் விஸ்கோந்தி மரபினர் கட்டத் தொடங்கிய நீண்ட அணைப்பாலமும் காணப்படும். கிழக்கே பெர்ராரா மாவட்டத்தில், ஸ்தெல்லாத்தா முதல் கொரினோ வரை ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவுக்குப் போ ஆற்றின் வலக்கரை மீதே ஒரு வழி செல்கின்றது. தூரின் நகரையும் வெனிஸ் நகரையும் இணைக்கும் ஏறத்தாழ 700 கி.மீ. நீளமுள்ள பெருவழி ஒன்றும் திட்டமிடப்பெற்றுப் பகுதி பகுதியாக உருவாகி வருகின்றது.

இங்கு 'கரை மீதே' என்னும் சொல்லை யாம் வேண்டுமென்றே பெய்துள்ளோம். கீழ்ப்போ நாட்டில் கரை என்பது இயற்கையில் அமைந்த நீர்விளிம்பு அன்று. நூற்றாண்டு நூற்றாண்டாக மக்கள் மண் சுமந்து எழுப்பிய வெள்ளத் தடுப்பு மேடு அது. ஆறு கொணரும் வண்டல் ஆற்றுப்படுகையிலேயே படிந்து படுகையை உயர்த்தியமையால், பல இடங்களில் நீர்மட்டம் அடுத்துள்ள வயல்களினும் மேலே நிற்கின்றது. ஆதலின் மிதிவண்டியில் அக்கரைமேற் செல்வோன் ஒருபுறம் ஆற்றையும் மறுபுறம் அதனினும் தாழ்ந்த வீட்டுக்கூரைகளையும் ஒருங்கே காண்கின்றான். இக்காட்சியை அழகு என்று மட்டும் எழுதுவதா, வேறு யாதேனும் எழுதுவதா என்பதே இவ்வாய்வின் வினா.

இத்தாலியில் மிதிவண்டிப் பயண உரைநடை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1894-இல் மிலான் நகரில் மிதிவண்டி ஊர்வோர் கூடிப் பயணக் கழகம் ஒன்றை நிறுவினர். 1900-இல் அதன் பெயரினின்று மிதிவண்டி என்னும் சொல் நீங்கி, அது 'தூரிங் கிளப் இத்தாலியானோ' ஆயிற்று. சாலைகளில் வழிகாட்டிப் பலகைகள் நட்டதும் வழிநூல்கள் வெளியிட்டதும் இக்கழகத்தின் அரும்பணிகள். அதே காலத்தில் பொலோஞா நகரக் கவிஞர் ஒலிந்தோ குவெரீனி 1901-இல் 'மிதிவண்டியில்' என்னும் பொருள்படும் நூலையும், ஆல்பிரடோ ஓரியானி 1902-இல் 'மிதிவண்டி' என்னும் நூலையும் வெளியிட்டனர். முன்னது நகைச்சுவை மிக்கது. நம் வினாவிற்கு அதனினும் பின்னதே வேண்டுவது.

ஓரியானி 1897-இல் ரொமாஞா, தஸ்கனி நாடுகளூடே தனியே மேற்கொண்ட நெடுஞ்செலவு அவர் நூலுள் இடம்பெறுகின்றது. மிதிவண்டி ஊர்பவனுக்குப் புறம்பான பொறியன்று, அவன் ஆற்றலே இடத்தையும் காலத்தையும் வெல்லுகின்றது என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு உரைநடைக்கு வலிமை தருகின்றது. ஆனால் நாட்டைக் காணும் கண்ணைச் சுருக்கியும் விடுகின்றது. மேடும் பள்ளமும் ஊரும் கோபுரமும் அவர் ஆற்றலுக்கு அளவுகோல்களாகவே வந்து நிற்கின்றன. ஊர்பவன் பெரியனாகுந்தோறும் ஊர்கள் சிறியனவாகின்றன. ஓரியானி மறைந்த பின்னர்ப் பாசிசத்தார் அவரைத் தம் முன்னோடி எனக் கொண்டாடினர். அதனால் அவரைப் போற்றியவர்களும் இகழ்ந்தவர்களும் நூலைப் படியாமலே பேசினர். யாம் கூறுங் குறை அரசியல் பற்றியதன்று, நடை பற்றியது. வண்டியினின்று அவர் இறங்குவது அரிது என்பதே அக்குறை.

இனி, ஆல்பிரடோ பன்சீனியின் 'டயோஜெனிசின் விளக்கு' என்னும் நூலைக் காண்போம். 1907-இல் வெளிவந்த இந்நூல் நம் ஆராய்ச்சி மாணவர்கள் கட்டாயம் படித்தற்குரியது. பன்சீனி மிலானிற் பள்ளியாசிரியர், நாற்பதைக் கடந்தவர், அவர் வண்டியும் பழையது. ஜூலைத் திங்கள் பத்தாம் நாள் பிற்பகலில் நகரின் உரோமை வாயிலைக் கடந்து, ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள பெல்லாரியா என்னும் ஊரை நோக்கிப் புறப்படுகின்றார். வீரம் எதுவும் இல்லை. தம் மூப்பையும் மூச்சிரைப்பையும் தாமே எள்ளிக்கொள்ளும் நடை அவருடையது. பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடிய கிரேக்க அறிஞன் பெயரை நூலுக்கு இட்டமையே அவர் நோக்கத்தைப் புலப்படுத்தும். கோயிலும் கோட்டையும் காணப் புறப்பட்டவர் அல்லர். வழியில் யார் இருக்கின்றார் என்று காணப் புறப்பட்டவர். கடற்கரையை அடைந்தவுடன் நூல் முடிவதில்லை என்பதும் கருதற்பாலது. உழவரும் மீனவரும் வாழும் ஊரில் அவர் தங்கி வாழும் நாட்கள் நூலின் பெரும்பகுதியாக விரிகின்றன. பழைய நூலறிவு இடையிடையே குறுக்கிட்டு, கண்ணெதிர் நிற்பவரைப் பண்டைக் காலத்தவர் ஆக்கிவிடும் குறை அவரிடத்தும் உண்டு. ஆயினும், வண்டியைச் சுவரிற் சார்த்திவிட்டு உரையாடத் தெரிந்தவர் இவரே.

இருவரும் ஏறியது ஒரே வகை வண்டி. அவ்விருவர் கண்டதோ ஒன்றன்று. மெல்லிய செலவே காட்சியைத் தருமாயின் இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? எனவே காட்சிக்குக் காரணம் வண்டியின் விரைவோ விரைவின்மையோ அன்று, ஊர்பவன் எங்கே நிற்கின்றான் என்பதே என யாம் துணிகின்றோம்.

இத்துணிபை மேலும் ஆராய்தற்கு ஜான்னி செலாத்தியின் 'முகத்துவாரம் நோக்கி' (1989) உதவும். நான்கு பயணக் குறிப்புகளின் தொகுதி இது. ஆசிரியர் மிதிவண்டியில் அன்றி நடந்தும் பேருந்திலும் போ ஆற்றைத் தொடர்ந்து கடல் வரை செல்கின்றார். மிதிவண்டியினும் நடை மெல்லியது. ஆகவே, மேற்கூறிய கொள்கையின்படி அமைதி மிகுதல் வேண்டும். நிகழ்வதோ மறுதலை. 1986-இல் செர்னோபில் அணுஉலை விபத்து நேர்ந்த சில நாட்களில், போ ஆற்றங்கரையிலுள்ள கஓர்சோ அணுமின் நிலையத்தின் அருகே அவர் நடக்கின்றார். கைவிடப்பட்ட பண்ணை வீடுகளும் ஆளற்ற சாலைகளும் அவர் குறிப்புகளில் அடுத்தடுத்து வருகின்றன. மெல்ல நடந்தவனுக்கு இந்நிலம் அமைதியைத் தரவில்லை, கலக்கத்தையே தந்தது. அழகிய தொடர் ஒன்றைக்கூட அவர் வலிந்து தேடாமையே நூலின் சிறப்பென்பது எம் மதிப்பீடு.

பயண நூல் அல்லாத ஒன்றையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். ரிக்கார்டோ பக்கெல்லி 1938 முதல் 1940 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்ட 'போ ஆற்று ஆலை' என்னும் பெருநாவல், படகின்மேல் அமைந்து ஆற்றோட்டத்தால் இயங்கிய மாவாலையை நம்பி வாழ்ந்த குடும்பம் ஒன்றின் கதையை 1812 முதல் 1918 வரை கூறுவது. அதிற் கரை காட்சிப்பொருள் அன்று. வெள்ளத்தில் உடையுமோ என இரவெல்லாம் காக்கப்படுவது. 1869-இல் நடைமுறைக்கு வந்த அரைவை வரி, ஆற்றின்மேல் மிதந்த ஆலைக்காரரின் வாழ்வில் எங்ஙனம் நுழைந்தது என்பதனை வரலாற்று நூல்கள் பலவற்றினும் தெளிவாக இந்நாவல் காட்டுகின்றது. அவ்வாலைகள் மறைந்துவிட்டன. அவற்றைக் கட்டியிருந்த கரையோரமே இன்று ஓய்வுச் செலவுக்குரிய வழியாகியுள்ளது.

இன்றைய மிதிவண்டி வழிநூல்களை இவற்றொடு வைத்துப் படிக்குங்கால் ஒன்று தெற்றெனப் புலனாகும். அமைதி, பழமை, இனிய உணவு என்னும் மூன்று சொற்களில் அவற்றின் வருணனை பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. பெர்ராரா வலக்கரை வழியிற் செல்வோர்க்கு எதிர்க்கரையில் இருப்பது ஒக்கியோபெல்லோ. 1951 நவம்பர் 14-ஆம் நாள் இவ்வூரிலும் அடுத்துள்ள கனாரோவிலும் கரை உடைந்தது. பொலேசினே நாட்டின் பெரும்பகுதி நீருள் மூழ்கிற்று. ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். அவருள் 84 பேர் பிராசினெல்லே என்னுமிடத்தில் ஒரே சரக்குந்தில் தப்பிச் செல்ல முயன்றவர்கள். வீடிழந்தோர் ஏறத்தாழ 1,80,000 பேர். இதனைக் கூறாமலே அக்கரையின் அழகைக் கூறும் உரை, பொய்யன்று, ஆயினும் குறையுடையது.

வழிநூலின் கடமை தொலைவும் தங்குமிடமும் கூறுதலே, வரலாறு கூறுதல் அன்று என்று மறுப்பார் உளராயின், நம் ஆற்றுப்படைகளை நினைவூட்டுவோம். ஆற்றுப்படையுள் ஆறு என்பது வழியே யன்றி யாறு அன்று. இத்தாலிய நூல்களுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் வழிநூல் யாது செய்ய இயலும் என்பதற்கு அவை அளவுகோலாகும். மலைபடுகடாம் வழியின் வளத்தைக் கூறுவதோடு அமையாமல், குழியும் பாம்பும் வழுக்குநிலமும் எங்கே உள்ளன என்றும் கூறுகின்றது. வழியில் வாழ்வோர் யாவர், என்ன தொழில் செய்வோர் என்பதனையும் விடுவதில்லை.

கொரினோவில் வலக்கரை வழி முடிகின்றது. செலாத்தியின் செலவும் இக்கழிமுக நிலத்திலேயே முடிகின்றது. 1938 முதல் 1961 வரை இப்பகுதியில் நிலத்தடி நீரோடு எரிவளி எடுக்கப்பட்டமையால் நிலம் பல இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. இன்று வயல்கள் கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கின்றன, எக்கிகள் ஓயாது நீரை இறைக்கின்றன. 1951 வெள்ளத்திற்குப் பின் கரைகளும் உயர்த்தப்பட்டன. கரை மேலிருந்து காணும் பரந்த காட்சியை வழிநூல்கள் ஒருமுகமாகப் புகழ்கின்றன. அக்காட்சி பரந்தது கரை உயர்ந்தமையாலோ நிலம் தாழ்ந்தமையாலோ எனின், இரண்டாலும் என்க.