யாருடைய விடுமுறை?

‘கைத்தொலைபேசி வராத அந்தக் காலம்’ என்று ஏங்கும் நினைவுக் கட்டுரைகள் ஈழத்துத் தமிழ் எழுத்தில் இன்று பெருகியுள்ளன. ஆகஸ்ட் விடுமுறை, நல்லூர்த் திருவிழா, சுட்ட பனம்பழம், கிளித்தட்டு, துலாக்கிணற்றுக் குளிப்பு ஆகியவற்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைப்பருவம் அவற்றில் அலங்கரிக்கப்படுகிறது. ஈற்றில், இவையனைத்தையும் அழித்தது கைத்தொலைபேசியே என்ற தீர்ப்பும் வழங்கப்படுகிறது. எஸ். பொன்னுத்துரை தம் நூலொன்றுக்குச் சூட்டிய ‘நனவிடை தோய்தல்’ என்ற தலைப்பே இன்று இவ்வகை எழுத்துக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. தோய்வதில் தவறில்லை. ஆனால் தோய்ந்தெழுபவர் தாம் கண்டதனைத்தையும் கூறுகிறாரா என்பதை விமர்சகன் கேட்டேயாக வேண்டும்.

மேற்கூறிய துலாக்கிணற்றையே எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த பிள்ளை அத்துலாவைத் தொட முடியாது. எவரேனும் அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் காத்துநின்றது. கோவில் வீதியில் விளையாடிய காலத்தைப் பாடுவோர், கோவிலுக்குள் நுழையும் உரிமைக்காக 1968இல் மாவிட்டபுரத்தில் மக்கள் போராட நேர்ந்ததை ஏனோ மறந்துவிடுகின்றனர். டொமினிக் ஜீவாவின் தன்வரலாற்றையும், 1972இல் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலையும் படித்தவர்க்கு அந்த ‘இனிய ஊர்’ வேறொரு முகம் காட்டும். ஒரு பகுதியினரின் விடுமுறையை ஊர் முழுவதன் விடுமுறையாகக் காட்டுவது யதார்த்தமாகாது.

இரண்டாவது குறை காலவரிசை பற்றியது. குடாநாட்டு விளையாட்டிடங்கள் கைத்தொலைபேசி வந்தபின்னரா வெறிச்சோடின? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் அங்கு மின்சாரமே இல்லாதொழிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். குப்பிவிளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். விமான இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் ஓடினார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரேயிரவில் இடம்பெயர்ந்தது. அப்பிள்ளைகளிடம் எந்தத் திரையும் இருக்கவில்லை, விடுமுறையும் இருக்கவில்லை. போர் பறித்ததைத் தொலைபேசியின் கணக்கில் எழுதுவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

மலையகத்தை நோக்கினால் இக்கூற்று மேலும் தளர்கிறது. 2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத லயத்துப் பிள்ளைகள் பாடங்களையே இழந்தனர். அவர்களை வருத்தியது கருவியன்று, வறுமையே.

இதனால் ஏக்கம் முழுவதும் பொய்யென்பது நமது கருத்தன்று. அதன் உள்ளே நியாயமானதொரு வேட்கை உண்டு: பிள்ளைக்குத் தனக்கென்று நேரம் வேண்டும், வேலியிடாத வெளி வேண்டும், கூடி விளையாடத் தோழர் வேண்டும். இன்றைய பிள்ளை இவற்றை இழந்து நிற்பதும் மெய்யே. எனினும் விடுமுறை நாட்களையும் விழுங்கும் தனியார் வகுப்புகளையும், பிள்ளைகளின் கவனத்தை விற்றுப் பொருளீட்டும் பெருநிறுவனங்களையும் கேள்வி கேட்காமல், பிள்ளையின் கையிலுள்ள கருவியை மாத்திரம் ஏசுவது எளிதானதொரு தப்பித்தலாகும்.

நம் எழுத்தாளர் தம் இளமையை எழுதட்டும். கிணற்றில் தாம் குளித்ததை எழுதும்போது, குடத்துடன் காத்துநின்ற பிள்ளையையும் எழுதட்டும்.