‘நல்ல’ என்ற சொல் யாருடையது?

ஆங்கில அகராதியில் ‘குட்’ என்ற பெயரடைக்குப் பத்தி பத்தியாகப் பொருள் போட்டிருக்கும். நம்ம ‘நல்ல’வும் லேசுப்பட்டதல்ல. எங்க ஊர் ஆரல்வாய்மொழியில் மிளகுக்குப் பேர் நல்லமிளகு. எள்ளில் ஆட்டியது நல்லெண்ணெய். குடிக்கிறது நல்லதண்ணி. ‘நல்ல வெயில்’ என்றால் மண்டை பிளக்கும். ‘நல்ல அடி’ என்றால் எலும்பு முறியும்.

இவ்வளவும் அகராதி சொல்லிவிடும். யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது என்று மட்டும் அது கேட்காது. வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டுக்காரர், “நல்ல ஆளுவளுக்குத்தான் குடுப்போம்” என்றார். என் நடத்தையை அவர் விசாரிக்கவில்லை. எந்தத் தெரு, யாருக்க மகன் என்றுதான் கேட்டார். அந்த ‘நல்ல’வுக்கு மறுசொல் சாதி.

இலக்கணமும் இதற்கு விலக்கல்ல. சுடுகாட்டை ‘நன்காடு’ என்பது மங்கல வழக்கு என்கிறது நன்னூல் உரை. எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தக் காடு ஐயா நன்காடு? ஊர்ச் சுடுகாடா, சேரிச் சுடுகாடா? பிணத்துக்கும் இரண்டு பாதை போட்ட சமூகம் சொல்லில் மட்டும் மங்கலம் பாடுகிறது.

நல்ல சொல்லையே நமக்கு மறுத்த காலமும் உண்டு. எங்க ஊர் அன்றைக்குத் திருவிதாங்கூர். லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் அந்நாட்டுப் புலையர்களின் நிலையை எழுதியிருக்கிறார். தன்னை ‘நான்’ என்று சொல்லக்கூடாது, ‘அடியன்’ எனவேண்டும். தன் சோற்றைச் சோறு என்னக்கூடாது, ‘கரிக்காடி’ எனவேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்கு, கன்று என்று சொல்லவேண்டும். உழைத்து விளைவித்தவனுக்கு அரிசி மட்டுமல்ல, ‘சோறு’ என்ற சொல்லும் சொந்தமில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. குடிக்கிறது நல்லதண்ணி என்று மேலே எழுதினேனே, அந்தப் பொருள் அங்கே செல்லுமா?

சொற்பொருள் ஆராய்கிற நண்பர்களே, ஏட்டை மட்டும் புரட்டினால் போதாது. ஒருநாள் சேரிக் குழாயடியிலும் நின்று கேளுங்கள். ‘நல்ல’வுக்கு விடுபட்ட பொருள்களைச் சொல்ல அங்கே ஆளிருக்கிறது.