மூலப்படமும் திருத்திய படியும்

கலைஞன் தான் படைத்த ஒன்றைத் தானே திருத்துவது குற்றமாகுமா? செய்யுள் இயற்றியவன் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் பெய்தால் எவரும் அவனைக் குறை கூறுவதில்லை. ஆயின், ஒளிப்படக் கலையில் இவ்வினா எழுந்தபோது விடை அத்துணை எளிதாக அமையவில்லை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோரதியா லேங் 1936-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எடுத்த 'புலம்பெயர் தாய்' என்னும் படத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கலிபோர்னியா மாநிலத்து நிப்போமோ என்னும் ஊரருகே, பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் கூடாரமடித்துத் தங்கியிருந்தனர். கடுங்குளிரால் விளைச்சல் கெட்டு, வேலையும் கூலியும் இன்றி அவர்கள் வாடிய நேரம் அது. அரசு நிறுவனம் ஒன்றுக்காகப் படமெடுத்து வந்த லேங், அவ்விடத்தைக் கடந்து ஏறத்தாழ இருபது மைல் சென்றபின் மனம் ஒப்பாமல் திரும்பி வந்ததாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அங்கு அவர் எடுத்த சில படங்களுள் ஒன்றே உலகப் புகழ் பெற்றது. 32 வயதுத் தாய் ஒருத்தி, கன்னத்தருகே கை வைத்துத் தொலைவை நோக்கியிருக்கிறாள். பிள்ளைகள் இருவர் அவள் தோள்களில் சாய்ந்து முகத்தை அப்புறம் திருப்பியுள்ளனர், மடியில் கைக்குழந்தை. பிள்ளைகளின் முகம் தெரியாமையே இப்படத்தின் உயிர்நிலை எனலாம். காண்போர் கண் வேறெங்கும் செல்ல வழியின்றி அத்தாயின் முகத்திலேயே சென்று தங்குகிறது.

வழியின்றி என்றது முற்றும் உண்மையன்று. படத்தின் வலப்புறக் கீழ்மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய கையொன்றின் பெருவிரல் மங்கலாகத் தெரிந்தது. அது லேங்கின் கண்ணை உறுத்தியது. 1939-ஆம் ஆண்டளவில் அதனை அழிக்கச் செய்தார். அச்சிட்ட படியிலன்று, நெகடிவிலேயே. படப்பிரிவின் தலைவராக இருந்த ராய் ஸ்டிரைக்கர் இதனை ஏற்கவில்லை. அரசின் ஆவணத்தில் கை வைத்தால் அதன் நம்பகம் கெடும் என்பது அவர் கருத்து. அதே ஸ்டிரைக்கர், தமக்கு வேண்டாத நெகடிவ்கள் பலவற்றில் துளையிட்டுப் பாழாக்கியவர் என்பதும் வரலாறே. பிறர் அழித்தால் பிழை, தாம் அழித்தால் தேர்வு என்று எண்ணினார் போலும்!

அமைப்பழகு ஒன்றையே நோக்கின் லேங்கின் கண் பிழைபட்டதன்று. மூலையில் தனித்து நிற்கும் விரல், பார்வையைக் கீழே இழுக்கத்தான் செய்கிறது. ஆயினும், அவ்விரல் பற்றியிருப்பது கூடாரக் கம்பு. அது மறைந்ததும், காற்றுக்கும் குளிருக்கும் இடையே நின்ற ஒரு கூடாரத்தின் வாயில் மறைந்து, இடம் அறியாத் துயரோவியம் ஒன்று எஞ்சுகிறது. அவ்வாறு ஆக்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. அதனை அச்சுப்படியில் செய்திருக்கலாம் என்பதே வழக்கு. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் தாம் கொண்ட பாடத்தை நூலில் அச்சிடலாம். ஏட்டின் மேல் எழுத்தாணியை ஊன்றலாகாது. உ.வே.சாமிநாதையர் பாடவேறுபாடுகளைக் குறித்துக் காட்டியதும், சுவடிகளைப் போற்றிக் காத்ததும் இந்நெறி பற்றியே.

இயற்கைக் காட்சிகளைப் படமாக்கிய ஆன்சல் ஆடம்ஸ், நெகடிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப்படியை இசைப்பதற்கும் ஒப்பிட்டவர். 1941-இல் எடுத்த 'நிலவெழுச்சி' என்னும் படத்தை அவர் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிற்காலப் படிகளில் வானம் முன்னினும் கருத்திருக்கும். ஒரே குறிப்பைப் பல முறை இசைத்தது போன்றது அது. ஆனால், 1944-இல் எடுத்த குளிர்கால விடியற் படத்தில், லோன் பைன் ஊர் மாணவர் குன்றின்மேல் வெண்ணிறத்தில் பெரிதாக அமைத்திருந்த எழுத்துகளை நெகடிவிலேயே மறைத்துவிட்டார். இசைக்குறிப்பு என்று சொன்னவரே குறிப்பை மாற்றினார்! அவர் கொள்கை செம்மையானது. செயல் அதற்கு ஒவ்வாதது.

இன்று நெகடிவின் இடத்தைக் கணினிக் கோப்பு பெற்றுள்ளது. 'ரா' எனப்படும் கோப்பில் ஒளியுணர்வி அளந்த அளவுகள் பதிந்திருக்கும். அவற்றைக் கையாளும் மென்பொருள்கள் பெரும்பாலும் அவ்வளவுகளைத் தொடுவதில்லை. செய்ய வேண்டிய மாற்றங்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளும். 'ஜேபெக்' கோப்பின் இயல்பு வேறு. அதனைத் திருத்தி அதே பெயரில் சேமிக்குந்தோறும் கோப்பு புதிதாகச் சுருக்கப்பட்டு நுண்விவரம் சிறிது சிறிதாகக் கழிகிறது, கழிந்தது மீள்வதில்லை. இதனினும் கொடிது ஒன்றுண்டு. லேங்கின் நெகடிவில் அழித்த விரலின் நிழல் இன்றும் கூர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும். மேலெழுதப்பட்ட கோப்பிலோ பழைய படம் அங்கு இருந்ததற்குரிய தடமே எஞ்சுவது அரிது.

மூலத்தை எவ்வகையானும் தொடலாகாது என்பார் வாதமும் சில வேளை எல்லை கடக்கிறது. படத்தில் உள்ளோர் பெயரைக் கோப்பின் குறிப்புப் பகுதியில் எழுதுவதற்கும் அவர்கள் உடன்படார். ஓர் எழுத்துச் சேர்ந்தாலும் கோப்பு வேறாகிவிடும் என்பர். கணக்களவில் அது மெய்யே. எனினும், லேங் அன்று அத்தாயின் பெயரைக் கேட்கவில்லை. 42 ஆண்டுகள் கழித்து 1978-இலேதான் அவர் இன்னார் என உலகம் அறிந்தது. விரல் போனதைப் பற்றி எழுந்த வாதத்தில் ஒரு பங்கேனும் பெயர் இல்லாததைப் பற்றி எழுந்திருத்தல் வேண்டும். தொடாத படி ஒன்றும், பெயரும் இடமும் ஆண்டும் எழுதிய படி ஒன்றுமாக இரண்டு வைத்திருப்பதில் யாதொரு தடையும் இல்லை.

பள்ளி மலர் வெளியிடுவோர்க்கு இஃது அயலான செய்தியன்று. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய குழுப்படங்கள் மலருக்காகக் கணினியில் ஏற்றப்படும்போது, பக்கத்துக்கு ஏற்ப ஓரம் வெட்டப்படுகிறது. வெட்டுண்ட ஓரத்தில் பள்ளியின் பெயர்ப்பலகையும் இருக்கலாம். மங்கிய முகத்தை இன்றைய மென்பொருள் 'தெளிவாக்கி'த் தரும்போது அது தருவது அம்மாணவனின் முகமன்று, தான் கற்பித்துக்கொண்ட ஒரு முகம். அச்சில் அழகாக இருக்கும். பேரப்பிள்ளைகள் அதனையே பாட்டனார் என நம்புவர்.

லேங்கின் நெகடிவ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இன்றும் உள்ளது, விரல் நீங்கிய நிலையில். திருத்தத்திற்கு முன் அச்சிட்டுக் கோப்பில் வைத்த படி ஒன்றும் அங்கே பிழைத்திருக்கிறது. அதன் வலப்புறக் கீழ்மூலையில் அப்பெருவிரல் கூடாரக் கம்பைப் பற்றியபடியே இருக்கிறது.