இந்த மிஷின் எவ்வளவு ரேம் தாங்கும்?

சோதனைக்கு எடுத்துக்கொண்ட கணினி புதிது இல்லை. இன்டெல் ஐ3-3220 பிராசசர், எச்61 சிப்செட் மதர்போர்டு, ஒற்றைத் துண்டாக 4 ஜிபி டிடிஆர்3 ரேம். கடையில் சொல்லிச் சேர்த்த அசெம்பிள்டு பெட்டி. பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கி, இப்போது கரண்ட் பில் கட்டவும் யூடியூப் பார்க்கவும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த ரகம் அரியாங்குப்பத்தில் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். குரோமில் நாலு டேப் திறந்தாலே இழுக்கிறது. “ரேம் போடு, சரியாயிடும்” என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு போடலாம் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக இந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தேன்.

எளிதானது விண்டோஸ் 10-இல் இருக்கும் டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று காட்டிவிடும். நமக்கு ‘2-இல் 1’ என்று வந்தது. ஒரு ஸ்லாட் காலி என்று தெரிந்தது நல்ல சேதி. ஆனால் அதிகபட்சம் எவ்வளவு என்பதைப் பற்றி டாஸ்க் மேனேஜர் வாயே திறப்பதில்லை.

அதைச் சொல்வதாகப் பேர் வாங்கியது கமாண்ட் பிராம்ப்டில் அடிக்கும் டபிள்யூஎம்ஐசி கட்டளை. மெம்ஃபிசிக்கல் என்ற பிரிவில் மேக்ஸ் கெபாசிட்டியைக் கேட்க வேண்டும். பதில் 33554432 என்று வந்தது. அது கிலோபைட் கணக்கு. இரண்டு முறை 1024-ஆல் வகுத்தால் 32 ஜிபி. இங்கே பலர் சந்தோஷமாகிக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பக் கூடாது.

இந்தக் கட்டளை மதர்போர்டை அளந்து பார்ப்பதில்லை. போர்டைத் தயாரித்தவர்கள் பயாஸுக்குள் எழுதி வைத்த ஒரு அட்டவணையை வாசித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். பல மாடல்களுக்கு ஒரே பயாஸை லேசாகத் திருத்திப் பயன்படுத்தும்போது அந்த அட்டவணையை யாரும் சரிபார்ப்பதில்லை. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் டிஎம்ஐடிகோட் நிரலின் கையேடு, இந்த அட்டவணைத் தகவல் பெரும்பாலும் குறையாகவோ தவறாகவோ இருக்கும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. நேர்மையான கையேடு. தவிர, மைக்ரோசாஃப்ட் டபிள்யூஎம்ஐசியைக் கைவிட்டு வருகிறது. புதிய விண்டோஸ் 11-இல் அது தானாக இருக்காது. பவர்ஷெல் வழியாகக் கேட்கலாம், ஆனால் வாசிப்பது அதே அட்டவணையைத்தான்.

32 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாத விஷயம் இல்லை. இன்டெல்லின் ஆர்க் தளத்தில் ஐ3-3220-ஐத் தேடினால் அதிகபட்ச மெமரி 32 ஜிபி என்று போட்டிருக்கும். ஸ்லாட்டுக்கு 8 வீதம் நாலு ஸ்லாட் இருக்கும் போர்டுக்கான கணக்கு அது. எச்61 என்பது 2011-இல் வந்த மலிவு விலை சிப்செட். அதற்கு இரண்டே ஸ்லாட். ஆகவே 16-ஐத் தாண்ட வழியே இல்லை. பிராசசர் தாங்குவது ஒன்று, போர்டு தாங்குவது ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் வீட்டுக்காரருக்கு.

மூன்றாவதாக சிபியு-இசட். பிரான்ஸைச் சேர்ந்த சிபியுஐடி நிறுவனத்தின் இலவச மென்பொருள். புதுச்சேரிக்காரனுக்கு இதில் ஒரு அற்பத் திருப்தி இருக்கத்தான் செய்கிறது. இதுவும் அதிகபட்சத்தைச் சொல்வதில்லை, ஆனாலும் சோதித்தவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான். மெயின்போர்டு பக்கத்தில் போர்டின் மாடல் எண்ணையும் ரிவிஷன் எண்ணையும் துல்லியமாகத் தருகிறது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் தளத்தில் கையேட்டை இறக்கினால் ‘2 ஸ்லாட், அதிகபட்சம் 16 ஜிபி’ என்று அச்சில் இருக்கிறது. எஸ்பிடி பக்கம் இப்போதிருக்கும் துண்டின் வகை, வேகம், தயாரித்தவர் பெயர் எல்லாவற்றையும் கொட்டுகிறது. புதிதாக வாங்கப் போகும் துண்டுக்கு ஜோடி பார்க்க இதைவிட நல்ல ஜாதகம் கிடையாது.

கடைசியாக, குரூஷியல் என்ற ரேம் பிராண்டின் ஸ்கேனர் நிரல். அதுவும் 16 என்றே சொன்னது. கூடவே தன் கடைச் சரக்கையும் காட்டியது. ஆனால் அதன் தாய் நிறுவனமான மைக்ரான், குரூஷியல் பெயரில் பொதுமக்களுக்கு விற்கும் தொழிலிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இனி அதையே நம்பியிருக்க முடியாது.

எண் கிடைத்தாயிற்று, வேலை முடிந்ததா என்றால், சிக்கலே இங்கேதான் ஆரம்பம். ‘8 ஜிபி டிடிஆர்3’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய எல்லாத் துண்டும் ஒன்றல்ல. இந்தத் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட் கொண்ட சில்லுகள் வரைதான் அறியும். அப்படிப்பட்ட 16 சில்லுகள், பக்கத்துக்கு எட்டாக இரண்டு பக்கமும் இருந்தால்தான் 8 ஜிபி. பின்னால் வந்த துண்டுகளில் 8 ஜிகாபிட் சில்லுகள் எட்டே எட்டு, ஒரு பக்கம் மட்டும் இருக்கும். கொள்ளளவு அதேதான், ஆனால் இந்தப் போர்டில் ஓடாது. இதற்கும் பழைய ஜி41 போர்டுகளில் இதே கதை 4 ஜிபி துண்டுக்கே நடக்கும். வாங்கும்போது துண்டைத் திருப்பிப் பார்த்துச் சில்லுகளை எண்ணுவது கிறுக்குத்தனம் இல்லை.

கடலூர் சாலையில் ஒரு கடையில் விலை மிகக் குறைவான துண்டு ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் சில்லுகள், எண்ணிக்கையும் சரி. கையில் எடுத்ததும் கடைப் பையன் தடுத்தான்: “அது வேணாம் சார், ஏஎம்டி ஒன்லி. உங்க போர்டுல டிஸ்பிளேவே வராது.” அவன் சொன்னது சரி. அந்த வகைத் துண்டில் இருப்பவை 4 பிட் அகலச் சில்லுகள். இன்டெல் வீட்டுக் கணினிகள் அவற்றை ஏற்பதில்லை. இணையத்தில் இதே சரக்கு அந்த இரண்டு வார்த்தை இல்லாமலும் விற்கப்படுகிறது. பக்கத்தில் தடுக்க ஆள் இருக்காது.

டிடிஆர்3எல் என்று எழுதியிருந்தால் இந்தப் பெட்டிக்குப் பயமில்லை. 1.35 வோல்ட்டிலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும் வகை அது. 1.35 மட்டுமே தரும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3-ஐச் செருகுவதுதான் வம்பு. டிடிஆர்4-ஐப் பற்றிக் கவலையே வேண்டாம், வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளேயே போகாது.

பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத் திறந்தேன். ஒரு பக்கம் ஆறு, கொஞ்சம் தள்ளிக் கடல் என்று இருக்கும் ஊரில் பழைய ரேமின் பற்களில் மங்கல் படிவது சகஜம். பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்தாலே பாதி பீப் சத்தங்கள் நின்றுவிடும். மெக்கானிக் அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வாங்கியது 16 இல்லை. ஏற்கெனவே இருந்த 4-க்குப் பக்கத்தில் அதே வேகத்தில் இன்னொரு 4. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு இருப்பதால் டூயல் சேனலும் வேலை செய்கிறது. வீட்டு உபயோகத்தில் 4-லிருந்து 8-க்கு வந்தது கண்கூடாகத் தெரிகிறது. 8-லிருந்து 16-க்குப் போனால் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். அந்தப் பணத்தை எஸ்எஸ்டிக்குப் போடுவேன். அதிலும் இந்தத் தலைமுறை பிராசசருக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்னும் சில வருஷம் ஓட வேண்டிய பெட்டிக்கு உச்சவரம்பு வரை நிரப்புவது அதிகப்படி.

செலவுக்கு முன் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று: செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு செருகினாலும் அது தொடாது. 64 பிட்டுக்கு மாறிய பிறகு ரேம் வாங்கலாம். வாங்கிச் செருகியதும் விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக்கை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். அது முடிந்து பிழை இல்லை என்று வரும்வரை கடை பில்லை எறிய வேண்டாம்.